புனலூர் ஷெட்டிலிருந்து வந்த 1997 புல்லட்: புகை, பேப்பர், புளியரை ஏற்றம், இடது கால் பிரேக்

வண்டி 1997 மாடல் புல்லட் ஸ்டாண்டர்ட் 350. காஸ்ட் அயர்ன் இன்ஜின், நாலு கியர், கியர் வலது காலில், பிரேக் இடது காலில், பாயிண்ட் இக்னிஷன் (இரண்டு உலோக முனைகள் திறந்து மூடிப் பொறி உண்டாக்கும் பழைய முறை), கேஎல் 02, அதாவது கொல்லம் நம்பர். வாங்கியவன் செங்கோட்டைக்காரத் தம்பி ஒருவன், முப்பது வயது ஆகவில்லை, அதுவரைக்கும் ஓட்டியது எல்லோரும் ஓட்டும் 150 சிசி வண்டி. அவனுக்கு லடாக் ஆசையெல்லாம் கிடையாது. ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகக் கொல்லம் வரைக்கும், முடிந்தால் அப்படியே ஆலப்புழை பக்கமும், சாவகாசமாகப் போய்வர ஒரு பழைய வண்டி வேண்டும், அவ்வளவுதான். வண்டி பார்க்கக் கூடப் போனேன், மலையில் பின்னாலேயே என் வண்டியில் வந்தேன், மெக்கானிக் அண்ணாச்சியின் பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அதனால் இந்த ஒரு வண்டியின் கதை ஓரளவு முழுசாகத் தெரியும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய புல்லட் வாங்கப் போகிறவர்கள் இன்ஜினைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். அந்த இன்ஜினில் வருகிற எதையும் ஒரு நல்ல பட்டறையில் சரி பண்ணிவிடலாம். பயப்பட வேண்டியது ஆர்சி புத்தகத்தைப் பார்த்து, அப்புறம் நம்முடைய வலது காலைப் பார்த்து.

ஏன் இந்த வண்டி

வேறு வண்டிகளும் பேச்சில் இருந்தன. 2002-ல் வந்த தண்டர்பேர்டு, ஏவிஎல் இன்ஜின், ஐந்து கியர், தூரப் பயணத்துக்கு என்றே வந்தது. உட்கார சுகம். ஆனால் அந்த இன்ஜின் வந்த காலம் குறைவு, உதிரிபாகத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டும். 2003-ல் வந்த கரிஸ்மா, 223 சிசி, மலையில் பழைய புல்லட்டை விட லேசாக ஏறும், புல்லட்காரர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றாலும் உண்மை அதுதான். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் கரிஸ்மாவை யாரும் விற்பதில்லை, விற்பனைக்கு வருவதெல்லாம் ஃபேரிங்கைக் கம்பி போட்டுக் கட்டியபடிதான் வருகிறது.

காஸ்ட் அயர்ன் புல்லட்டுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் செய்ய ஆரம்பித்த இன்ஜின். போர், அதாவது சிலிண்டர் விட்டம், 70 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 90 மில்லிமீட்டர்; 346 சிசி. 2010 வாக்கில் புகை விதி இறுகி நிற்கும் வரைக்கும் அடிப்படை மாறவே இல்லை. அத்தனை வருஷம் ஒரே இன்ஜின் ஓடியதால் பாகம் எல்லா ஊரிலும் கிடைக்கிறது, தென்காசியில் இல்லை என்றால் புனலூர், அங்கேயும் இல்லை என்றால் சென்னை புதுப்பேட்டை. சக்தி சுமார் 18 குதிரைத்திறன்தான். சமவெளியில் 60, 65-ல் நாள் முழுக்க ஓடும். 90-ல் விரட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அந்தச் செலவு வேறு. இந்த வேகம் போதும் என்று மனசுக்குப் படாதவர்கள் இதை வாங்கவே வேண்டாம், நிஜமாகச் சொல்கிறேன்.

புகையால் இறங்கிய விலை

வண்டி புனலூர் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு ஷெட்டில் நின்றிருந்தது. ஓட்டியவர் காலமாகிவிட்டார், மகன் விற்கிறார். பல மாதமாக யாரும் ஸ்டார்ட் பண்ணவில்லை. சேட்டன் நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை. "கொறச்சு புகை வரும் அண்ணா, பின்னே சரியாகும்" என்று சொல்லிவிட்டுத்தான் கிக்கரில் கால் வைத்தார். வந்தது கொறச்சு இல்லை. ஷெட் முழுக்க நீலப் புகை, பக்கத்தில் கட்டியிருந்த ஆடு இருமியது. ஏற்கெனவே ஒரு மெக்கானிக் வந்து பார்த்து, பிஸ்டன் ரிங் போய்விட்டது, சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு) பிஸ்டன் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். அதனால்தான் ஒன்றேகால் லட்சம் சொன்ன வண்டி ஒரு லட்சத்துக்குக் கீழே வந்தது. தம்பி முகம் சுருங்கிவிட்டது.

அண்ணாச்சிக்குப் போன் போட்டோம். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "தம்பி, எவ்வளவு புகை வருதுன்னு பாக்காதே, எப்ப வருதுன்னு பாரு. பதினஞ்சு நிமிஷம் ஓட விட்டுட்டு திரும்பக் கூப்பிடு."

பதினைந்து நிமிஷத்தில் புகை போய்விட்டது. சுத்தமாக இல்லை. ரிங் போன வண்டியாக இருந்தால் சூடான பிறகும் ஆக்சிலேட்டரைத் திருகத் திருக நீலப் புகை வந்துகொண்டே இருக்கும். வால்வு கைடு போயிருந்தால் இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி வந்து, திரும்பத் திருகும் நேரத்தில் ஒரு குபீர் வரும். கறுப்புப் புகை என்றால் அது எண்ணெயே இல்லை, பெட்ரோல் அதிகம் போகிறது. நெடுநாள் நின்று, முதல் ஸ்டார்ட்டில் மட்டும் கொட்டித் தீர்த்துவிட்டு அப்புறம் தெளிந்துவிடுகிறது என்றால், புல்லட்டில் அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்.

இந்த இன்ஜினில் எண்ணெய் அடியில் தேங்கி நிற்பதில்லை. இன்ஜினின் அடிக்கூடான கிரேங்க் கேஸுக்குப் பின்பக்கம் தனி அறையில் இருக்கும், மொத்தம் இரண்டேகால் லிட்டர். ஒரு பம்ப் அங்கிருந்து எண்ணெயை இன்ஜினுக்குத் தள்ளும், இன்னொரு பம்ப் கீழே வடிந்ததை உறிஞ்சித் திரும்ப அறைக்கு அனுப்பும், திருப்பி அனுப்பும் பம்புக்குக் கொள்ளளவு அதிகம். ஓடும்போது கணக்கு சரியாக இருக்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால், தேய்ந்த பம்ப் வழியாக எண்ணெய் சொட்டுச் சொட்டாக கிரேங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். ஸ்டார்ட் பண்ணியதும் ஃப்ளைவீல் அதை அடித்துச் சிதறும், சிலிண்டருக்குள் ஏறும், எரியும், புகையும். திருப்பி அனுப்பும் பம்ப் எல்லாவற்றையும் உறிஞ்சி முடித்ததும் புகை நின்றுவிடும்.

சேட்டனுக்குத் தெரியாமல் நடந்தது இன்னொன்று. வண்டி நிற்கும்போது யாரோ டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்து, எண்ணெய் இல்லை என்று நினைத்து மேலும் ஊற்றியிருக்கிறார்கள். எண்ணெய் எங்கேயும் போகவில்லை, கீழே இறங்கியிருந்தது. ஊரில் கொண்டுவந்து அண்ணாச்சி கிரேங்க் கேஸ் அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றியதும் ஒரு லிட்டருக்கு மேல் கறுப்பாக ஊற்றியது. காற்று வெளியேறும் பிரீதர் குழாய் வழியாக வெளியே பீய்ச்சி பின் செயின், ரிம் எல்லாம் எண்ணெய் பூசியிருந்ததற்கும் காரணம் அதுதான். முழுக்க வடித்து, 20 டபிள்யூ 50 புதிதாக ஊற்றி, சில நிமிஷம் ஓடவிட்டு, அதன் பிறகு அளவு பார்த்தோம். இந்த வண்டியில் எண்ணெய் அளவை எப்போதும் சூடாக ஓடி நின்ற பிறகுதான் பார்க்க வேண்டும். எண்ணெயைத் தள்ளும் ஃபீட் பம்பைக் கழற்றி அதன் டிஸ்க்கைத் தேய்த்துச் சமப்படுத்தியதில் இறங்குவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. வாரம் ஒருமுறை ஓட்டுகிறவனுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

போர் நன்றாக இருக்கிறது என்பதை ஷெட்டிலேயே இன்னொரு விதத்திலும் பார்த்துவிட்டோம். இக்னிஷனை அணைத்துவிட்டு கிக்கரைக் கம்ப்ரஷன் வரும் இடத்துக்குக் கொண்டுவந்து, உடம்பு எடை முழுவதையும் அதன்மேல் வைத்து நிற்க வேண்டும். ரிங்கும் வால்வும் சரியாக இருந்தால் கிக்கர் சில விநாடி தாங்கிவிட்டு மெதுவாக இறங்கும், போயிருந்தால் உடனே தொபக்கென்று இறங்கிவிடும். தம்பி எழுபது கிலோ, தாங்கியது.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. ஹேண்டில் கழுத்தில் பேரிங் ஆட்டம் லேசாக, பின் ஸ்விங் ஆர்ம் புஷ் போய்விட்டது, டேங்க் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்ததில் துரு உண்டு ஆனால் ஓட்டை இல்லை, சேசிஸ் வளைவு இல்லை. பெயிண்ட், குரோமியம் இதையெல்லாம் நான் பார்ப்பதே இல்லை.

ஆர்சி

இங்கேதான் பேரம் முறியப் பார்த்தது. ஆர்சியில் இருந்தது காலமான அப்பாவின் பெயர். 1997 பதிவு, பதினைந்து வருஷம் முடிந்து 2012-ல் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்திருக்கிறார்கள், அது 2017-ல் முடிந்துவிட்டது. அப்புறம் யாரும் தொடவில்லை.

தம்பியின் நண்பர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: ஃபார்ம் 29, 30-ல், அதாவது பெயர் மாற்றும் படிவங்களில், கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓட்டிக்கொண்டு வந்துவிடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அப்படி வாங்கிய வண்டிகள்தான் நம் பக்கம் எத்தனையோ வீட்டில் சாக்கு போட்டு மூடி நிற்கின்றன. ஆர்சியில் இருக்கிறவர் உயிரோடு இல்லை என்றால் மகன் 29, 30-ல் போடும் கையெழுத்துக்கு மதிப்பே கிடையாது. முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்கு ஃபார்ம் 31. ஆர்சி காலாவதி ஆனதால் ஃபார்ம் 25 கொடுத்து, வண்டியை நேரில் காட்டி, புதுப்பிக்க வேண்டும். 20 வருஷம் தாண்டிய பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணமே 2025 ஆகஸ்டில் 2000 ரூபாய் ஆகிவிட்டது, தாமதத்துக்குத் தனி, கேரள வரி பாக்கி தனி. அதன் பிறகுதான் ஃபார்ம் 28-ல் தென்காசி, அதாவது டிஎன் 76 அலுவலகத்துக்கு என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று. இங்கே வந்து ஃபார்ம் 27 கொடுத்துப் புது நம்பர், இந்த ஊர் வரி. வெளி மாநில நம்பரோடு ஓட்ட பன்னிரண்டு மாதம் வரைக்கும்தான் சட்டம் இடம் கொடுக்கிறது.

இதில் விற்கிறவர் செய்ய வேண்டிய பாதியை முடித்துக் கொடுத்தால்தான் முழுப் பணம் என்று பேசியதுதான் இந்த விவகாரத்தில் தம்பி செய்த புத்திசாலித்தனம். முன்பணம் சின்னத் தொகை, மீதி என்ஓசி கையில் வந்த அன்றைக்கு. சேட்டன் ஒத்துக்கொண்டார், ஏனென்றால் அவருக்கும் ஷெட் காலியாக வேண்டும். மாதக்கணக்கில் இழுத்தது. ஆனால் வந்தது.

நம்பர் விஷயம் ஒன்று. அந்தக் காலத்து புல்லட்டில் பெரும்பாலும் இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஒன்றாகவே இருக்கும். ஆர்சியில் இருப்பதை இரண்டு இடத்திலும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும், பெயிண்ட் அடித்து மறைத்திருந்தால் சுரண்டச் சொல்ல வேண்டும். இன்ஜின் மாற்றிய வண்டி ஓடுவதற்கு ஒரு குறையும் இருக்காது, ஆனால் புதுப்பிக்கப் போகும்போது இன்ஸ்பெக்டர் முன்னால் விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

புகைச் சான்றிதழுக்கு 2000-க்கு முந்தைய இரு சக்கர வண்டிக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை விடுகிறார்கள். கார்புரேட்டர் சரியாக இருந்தால் இதற்குள் வந்துவிடும். வந்தது.

புளியரை ஏற்றத்தில் நின்றது

பேப்பர் எல்லாம் முடிந்து, எண்ணெய் மாற்றி, புது டயர், புது ட்யூப் போட்டு, முதல் மலை ஏற்றம். செங்கோட்டையிலிருந்து புனலூர் சுமார் 50 கிலோமீட்டர், அதில் புளியரை தாண்டி எஸ் வளைவிலிருந்து கோட்டைவாசல் வரைக்கும்தான் ஏற்றம் கடுமை. தூரம் கொஞ்சம்தான். ஆனால் முன்னால் எம் சாண்ட் லாரி ஒன்று முதல் கியரில் முனகிக்கொண்டு போகும், முந்த இடம் இருக்காது, அதன் பின்னாலேயே அதே வேகத்தில் இன்ஜின் கொதிக்கக் கொதிக்க ஊர்ந்து போக வேண்டும். காற்று பட்டுத்தான் குளிர வேண்டிய இன்ஜினுக்கு இதைவிடக் கெட்ட நிலைமை கிடையாது.

வளைவு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி முக்க ஆரம்பித்து, டப் டப்பென்று பின்னால் வெடித்து, நின்றுவிட்டது. எவ்வளவு கிக் அடித்தும் வரவில்லை. ரோட்டோரத்தில் நிற்கும் புல்லட்டைப் பார்த்தால் நம் ஊரில் ஆளுக்கு ஒரு யோசனை சொல்லாமல் போக மாட்டார்கள். ஒருவர் எத்தனால் பெட்ரோலைத் திட்டினார், ஒருவர் பிஸ்டன் பிடித்துவிட்டது என்றார், இன்னொருவர் கார்புரேட்டரில் தூசி என்றார். மூன்றுக்குமே நியாயம் உண்டு. அதனால்தான் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் பெட்ரோல் மூடி. மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருந்தால் ஓட ஓட டேங்குக்குள் வெற்றிடம் ஆகிப் பெட்ரோல் இறங்காது, வண்டி இப்படித்தான் நிற்கும், அரை மணி கழித்துத் தானாகவே ஸ்டார்ட்டும் ஆகும். எல்லோரையும் ஏமாற்றும் வியாதி இது. நின்ற உடனே மூடியைத் திறந்தால் உஸ் என்று காற்று இழுக்கும். இங்கே இழுக்கவில்லை. கிக்கர் சுலபமாக இறங்கிக் கம்ப்ரஷனும் இருந்ததால் பிஸ்டன் பிடிக்கவில்லை. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தியதும் பெட்ரோல் தாராளமாக வந்தது. கடைசியாகப் பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, ஹெட் மேல் சாய்த்து வைத்துக் கிக் அடித்தோம். நீலமாகச் சடக்கென்று விழ வேண்டிய பொறி மஞ்சளாக, சோம்பலாக விழுந்தது. புதுப் பிளக் போட்டும் அப்படியே. அரை மணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வந்ததும் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆனது.

சாயங்காலம் அண்ணாச்சி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, இன்ஜின் ஓடும்போதே பாயிண்ட்டைப் பார்க்கச் சொன்னார். பாயிண்ட் திறக்கும்போதெல்லாம் அதன் நடுவில் பளிச் பளிச்சென்று நெருப்பு. முகம் இரண்டும் கருகி, ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் மேடு. கண்டன்சர் போய்விட்டது. பாயிண்ட் திறக்கும் நொடியில் கரண்ட் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்காமல் கண்டன்சர் வாங்கிக்கொண்டால்தான் காயிலில் காந்தப் புலம் சட்டென்று சரியும், பிளக்குக்கு வலுவான பொறி போகும். கண்டன்சர் கசிந்தால் கரண்ட் பாயிண்ட்டிலேயே எரிந்துவிடும். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இருந்துவிட்டுச் சூடானதும் கசியும். புல்லட்டில் அது இருக்கும் இடமோ சிலிண்டருக்குப் பின்னால், சூடு நேராக அடிக்கும் இடம். விலை சில நூறு ரூபாய்.

அதோடு டைமிங்கையும் பார்த்தார். பாயிண்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள். வேகம் கூடக் கூடப் பொறியை முன்கூட்டியே விழவைக்கும் ஆட்டோ அட்வான்ஸ் எடைகளை முழு ரிடார்டில், அதாவது விரியாத நிலையில், வைத்து, பிஸ்டன் மேல் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் பாயிண்ட் திறக்க ஆரம்பிக்க வேண்டும். பாயிண்ட் நடுவில் சிகரெட் பேப்பர் ஒன்றைச் செருகி மெல்ல இழுத்துப் பார்ப்பார், பிடி விட்டு வருகிற நொடிதான் திறக்கிற நொடி. எடைகள் பழைய கிரீஸில் ஒட்டிப்போய் முழுசாக விரியாமல் இருந்ததைக் கண்டுபிடித்தது அப்போதுதான். அட்வான்ஸ் ஆகாமல் தாமதமாகவே பொறி விழுந்துகொண்டிருந்ததால் இன்ஜின் இயல்பை விட அதிகம் சூடாகியிருக்கிறது, சூட்டில் கண்டன்சர் சீக்கிரம் கசிந்திருக்கிறது. இரண்டு குறையும் ஒன்றையொன்று வளர்த்திருக்கின்றன. கண்டன்சரை மட்டும் மாற்றிவிட்டு வந்திருந்தால் அடுத்த ஏற்றத்தில் திரும்ப நின்றிருக்கும்.

எத்தனால் ஆளுக்கும் கொஞ்சம் நியாயம் செய்துவிடுகிறேன். இப்போது பம்பில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது, இந்த வண்டி அதற்குச் செய்யப்பட்டது இல்லை. பழைய பெட்ரோல் குழாயும் கார்புரேட்டர் ரப்பர் வாஷரும் ஊறி நொய்ந்துபோகும், கலவையும் கொஞ்சம் மெலிந்துவிடும். குழாய், வாஷர் எல்லாம் புதிது போட்டு மெயின் ஜெட் ஒரு அளவு கூட்டியிருக்கிறோம், பிளக் இப்போது காப்பித்தூள் நிறத்துக்கு வந்திருக்கிறது. மழைக்காலத்தில் வண்டி நிற்கப் போகிறது என்றால் டேங்கில் பாதி வைத்துவிட்டுப் போகாமல் கார்புரேட்டரையாவது வடித்துவிட வேண்டும், எத்தனால் ஈரத்தை இழுக்கும், குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களில் நம் பக்கம் காற்றே ஈரம்தான்.

வலது கால்

இன்ஜின் கதை எல்லாம் பட்டறையில் முடிந்துவிடும். இது முடியாது.

இந்த வண்டியில் கியர் வலது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பிரேக் இடது காலில். இப்போதைய பைக் ஓட்டிப் பழகிய யாருக்கும் அவசரத்தில் வலது கால்தான் அழுத்தப் போகும், அது வருஷக்கணக்கில் ஊறிய பழக்கம். இதில் வலது காலை அழுத்தினால் பிரேக் பிடிக்காது என்பது பாதிதான், மீதிப் பாதிதான் ஆபத்து. கீழே அழுத்துவது இங்கே மேல் கியருக்குப் போவது. இரண்டில் இறங்கிக்கொண்டிருந்த வண்டி மூன்றுக்குப் போய், இன்ஜின் கொடுத்துக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சப் பிடிமானமும் போய்விடும். நிறுத்த வேண்டிய நேரத்தில் வண்டி விடுபட்டு ஓடும்.

கண்டன்சர் மாற்றிய பிறகு ஆரியங்காவிலிருந்து திரும்பி இறங்கும்போது எஸ் வளைவில் தம்பிக்கு அதுதான் நடந்தது. எதிரே பஸ் ஒன்று வளைவை அகலமாக வாங்கிக்கொண்டு ஏறியது. பின்னால் வந்த எனக்கு அவன் வலது பாதம் இறங்குவது தெரிந்தது, பிரேக் லைட் எரியவில்லை, வண்டி முன்னால் பாய்ந்தது. முன் பிரேக்கைக் கையால் இறுக்கிப் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டான், தப்பித்தான். இறங்கி வந்து, "அண்ணே, பிரேக்கே பிடிக்கலண்ணே" என்றான். பிரேக் பிடிக்கத்தான் செய்யும், அவன் அதை மிதிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவனை மலைக்கு விடவில்லை. பண்பொழியிலிருந்து மேக்கரை போகும் ரோடு, இரண்டு பக்கமும் வயல், ஒரு பக்கம் திருமலைக் கோவில் மலை, காலையில் ஆள் நடமாட்டம் குறைவு, அங்கேதான் பழக்கினோம். பழக்கியது கியர் இல்லை, கியர் தானாக வந்துவிடும். பழக்கியது திடீரென்று நிறுத்துவது மட்டும்தான். நாற்பதில் வந்துகொண்டிருப்பான், பின்னால் உட்கார்ந்திருக்கும் நான் எதிர்பாராத நேரத்தில் தோளில் தட்டுவேன், இடது காலும் வலது கையும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும், வலது கால் ஃபுட் ரெஸ்டை விட்டு அசையவே கூடாது. அசைந்தால் திரும்ப முதலிலிருந்து. யோசித்து மிதிக்கிற வரைக்கும் பழகவில்லை என்றுதான் அர்த்தம்.

அந்த வாரங்களில் அவனுடைய 150 சிசி வண்டியைத் தொடவே கூடாது என்று சாவியை அவன் அம்மாவிடம் கொடுத்தாயிற்று. காலையில் ஒரு வண்டி, மாலையில் ஒரு வண்டி என்று ஓட்டினால் கால் எதையும் பழகாது. ஸ்கூட்டர் பரவாயில்லை, அதில் காலுக்கு வேலையே இல்லை. சிலர் லிங்கேஜ் போட்டு கியரை இடது பக்கம் மாற்றிக்கொள்கிறார்கள். அதில் தப்பில்லை, வீட்டில் இரண்டு வண்டியும் கட்டாயம் ஓட்டியாக வேண்டும் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன், ஆனால் லிங்கேஜில் ஆட்டம் விழுந்து கியர் சரியாக விழாத வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிக் அடிப்பதும் ஒரு பாடம்தான், ஆனால் ஒரு நாள் பாடம். சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்திக் கனமாக வரும் இடத்தில் நிறுத்தி, ஆம்பியர் மீட்டரைப் பார்க்க வேண்டும். பாயிண்ட் மூடியிருந்தால் முள் கழித்தல் பக்கம் சாய்ந்திருக்கும், திறந்ததும் நடுவுக்கு வரும். நடுவுக்கு வந்ததும் கம்ப்ரஷனை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து இன்னும் ஒரு துளி இறக்கி, விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு அடியாக ஒரு அடி. பாதி அடி அடித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். பலத்துக்கு இங்கே வேலை இல்லை, தம்பியின் அம்மாகூட ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார்.

இறக்கத்தில் இரண்டாவது கியர், அதற்கு மேல் கிடையாது. இரண்டு பிரேக்கும் டிரம். நீளமாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி வழுக்க ஆரம்பிக்கும், மழையில் உள்ளே தண்ணீர் போனால் முதல் பிடி காலியாக இருக்கும். நேர் ரோட்டில் லேசாகப் பிரேக்கை அழுத்தியபடியே கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவைத்துவிட்டு வளைவுக்குப் போக வேண்டும். தென்மலைப் பக்கம் மழையில் தேக்கு இலை ரோட்டோடு ஒட்டிக் கிடக்கும், அதன்மேல் சாய்ந்துகொண்டு பிரேக் பிடிக்கக் கூடாது.

இப்போது

வண்டி ஒழுங்காக ஓடுகிறது. கொல்லம் போய்வந்துவிட்டான், கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்துக்குக் கீழே நிறுத்திப் படமும் போட்டுவிட்டான். லிட்டருக்கு முப்பத்தைந்து பக்கம் கொடுக்கிறது. எண்ணெய் 2500 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுகிறான். டேப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியை, இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரஷன் உச்சியில் வைத்துப் பார்க்க வேண்டும், புஷ்ராடு விரலால் தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது, அதை அவனே செய்கிறான். பிரைமரி கவரில் எண்ணெய்க் கசிவு இருக்கிறது. அடியில் ஒரு அட்டைப்பெட்டித் துண்டு போட்டிருக்கிறான், நானும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

தீராமல் இருப்பது ஒரு வாக்குவாதம். பாயிண்ட்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போட்டுவிடலாம், இனிமேல் கண்டன்சர் தொல்லையே இருக்காது என்கிறார் அண்ணாச்சி. நித்தம் ஊருக்குள் ஓட்டுகிற வண்டி என்றால் நானும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அச்சன்கோவில் ரோட்டில், சிக்னல் இல்லாத இடத்தில், கிட் செத்தால் வண்டியை ஜீப்பில்தான் ஏற்ற வேண்டும். பாயிண்ட் செத்தால் உப்புத்தாளில் தேய்த்து, சிகரெட் பேப்பரில் டைமிங் வைத்து வீடு வந்து சேரலாம். தம்பி இன்னும் முடிவு பண்ணவில்லை. போன வாரம் பார்த்தபோது டூல் பாக்ஸில் ஒரு ஜோடி பாயிண்ட் செட், இரண்டு கண்டன்சர், ஃபீலர் கேஜ், கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், ஒரு செயின் லாக் எல்லாம் இருந்தன. எலக்ட்ரானிக் கிட்டையும் வாங்கி, பிரிக்காமல், அதற்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறான்.